கம்ப்யூட்டருக்கு ஒரு பீரோ

காலையில் கண் திறந்ததும் முடிச்சண்ணன் எழுந்துவிட மாட்டார். முதலில் இடுப்பிடம் அனுமதி கேட்பார். வலது காலை மெல்ல மடக்குவார். வலி சும்மா இருந்தால் இடது கால். இரண்டும் மடங்கிவிட்டால் ஒருக்களித்து, கட்டில் விளிம்பைப் பிடித்து, மூட்டையைச் சரித்து இறக்குகிற மாதிரி தன் உடம்பைத் தானே இறக்குவார். அன்றைக்கு இடது கால் பாதியிலேயே நின்றுவிட்டது. முதுகெலும்பின் அடியில் யாரோ கொக்கியை மாட்டி இழுப்பது போல் இருந்தது.

"ஏங்க, எழுந்துட்டீங்களா?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

"பாதி எழுந்துட்டேன்."

"மீதி எப்ப வரும்?"

மீசை அரும்பும் முன்பே சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கப் போனவர் அவர். சிமெண்டு, சர்க்கரை, உரம், எது வந்தாலும் முதுகுக்கு எல்லாம் ஒன்றுதான். பிடரித் தோல் காய்த்துச் செருப்பின் அடிபோல ஆகியிருந்தது. ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது முதுகு அல்ல, கை. அவர் கயிறு போட்டுக் கட்டிய லாரி குட்டிக்கரணம் அடித்தாலும் சரக்கு அசையாது என்பார்கள். அவர் போட்ட முடிச்சை அவர்தான் அவிழ்க்க முடியும். வேறு யார் கை வைத்தாலும் இன்னும் இறுகும். முடிச்சண்ணன் என்ற பேர் அப்படித்தான் வந்தது. நிஜப் பேரைச் சம்பள நாளில் மட்டும் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் அவரே யாரையோ தேடித் திரும்பிப் பார்ப்பார்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே எதையும் தூக்காதீங்க" என்று சொல்லிவிட்டார்.

"எதையும்னா?"

"பால் பாக்கெட் தூக்கலாம்."

பால் பாக்கெட் தூக்குகிறவனுக்கு யார் சம்பளம் தருவார்கள்? நல்ல வேளையாக எடைமேடை அறையில் உட்கார்ந்திருந்த ஆள் வேலையை விட்டுப் போகிறார் என்று கிடங்கு மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். லாரியைச் சரக்கோடு அப்படியே ஏற்றி எடை பார்க்கிற மேடை அது. பக்கத்தில் ஒரு சின்ன அறை. அறைக்குள் நாற்காலி, ஃபேன், கம்ப்யூட்டர்.

"லாரி நம்பரை அடிக்கணும், சரக்குப் பேரை அடிக்கணும், சீட்டு எடுத்துக் கொடுக்கணும். அவ்வளவுதான்" என்றார் மேனேஜர். "சனிக்கிழமை வரைக்கும் லீவு போட்டுட்டுப் பழகிக்கோ. அன்னிக்கு உக்கார வச்சுப் பாப்பேன். அடிச்சா வேலை உனக்கு. அடிக்கலேன்னா வெளியிலேருந்து ஆள் வரும். அப்புறம் உனக்குக் கொடுக்க எங்கிட்ட மூட்டைதான் இருக்கு."

முடிச்சண்ணன் அந்த நாற்காலியைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். முதுகு சாய்கிற இடத்தில் மெத்தை வைத்துத் தைத்திருந்தார்கள். பெண் பார்க்கப் போனபோதுகூட அவர் அப்படிப் பார்த்ததில்லை.

வீட்டில் பழக ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். மனைவியின் தம்பி, அவருடைய மச்சான், ஃபோட்டோ கடை நடத்தி மூடியவன். கடையில் இருந்த கம்ப்யூட்டரைக் கொடுக்கிறேன் என்றான்.

"எடுத்துக்கோங்க மாமா. ஒண்ணும் தர வேண்டாம். புது வீட்டுக்கு எங்க இரும்பு பீரோவை மட்டும் ஏத்திக் குடுத்துருங்க. மூணாவது மாடி. படி குறுகல். ரெண்டு செட் கூலிக்காரங்க வந்து பாத்துட்டு, தண்ணி மட்டும் குடிச்சுட்டுப் போயிட்டாங்க."

"எங்க பசங்க நாலு பேர் வந்தா ஒரு டீ ஆர்ற நேரம். நான் கயிறு போட்டுக் குடுத்தாப் போதும்" என்றார் முடிச்சண்ணன். கம்ப்யூட்டருக்கு பீரோ என்று பேச்சு முடிந்தது.

கம்ப்யூட்டர் வந்த முதல் சாயங்காலம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. பொத்தானை அழுத்தியதும் கம்பெனிப் பேர் வந்தது, புள்ளிகள் வட்டமாகச் சுற்றின, பிறகு திரை முழுக்க மச்சானே வந்து கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு சிரித்தான். செருப்புக் கடையில் பில் போடுகிற மகள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள்.

"அப்பா, ஒரு விரலை வச்சே அடிங்க. ஆனா குத்தாதீங்க. அது மூட்டை இல்ல."

"எழுத்தெல்லாம் ஏன்மா வரிசையா இல்ல? ஒரு எழுத்து இந்தக் கோடியில, அடுத்த எழுத்து அந்தக் கோடியில. இப்படி அடுக்கினவன் நம்ம கிடங்குல இருந்திருந்தா சாயங்காலத்துக்குள்ள சீட்டு கிழிஞ்சிருக்கும்."

திட்டிக்கொண்டே ஒரு லாரி நம்பரை முழுசாக அடித்துவிட்டார். அடித்து முடித்தபோது வியர்த்திருந்தது. இவ்வளவு லேசான பொருளுக்கு இவ்வளவு வியர்வை வருவது அவருக்கே புதிது.

அவர்கள் வீடு லாரிகள் திரும்புகிற தெருமுனையில் இருந்தது. பெரிய லாரி ஒன்று திரும்பினால் அலமாரியில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று பேசும். மகள் குளிக்கப் போனபோது அப்படி ஒன்று திரும்பியது. மேஜை ஆடியது. கம்ப்யூட்டர் பெட்டி ஒரு விரல் அளவு நகர்ந்தது. முடிச்சண்ணன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

'கட்டாத சரக்கு விழுந்த சரக்கு' என்பது அவர் வாயிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது வருகிற வாக்கு. அந்த வீட்டில் ஃபிரிட்ஜ் ஜன்னல் கம்பியோடு கட்டப்பட்டிருந்தது. கேஸ் சிலிண்டர் அடுப்பு மேடையின் காலோடு. டிவி ஆணியோடு. செருப்பு அலமாரி கதவு நிலையோடு. வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, கப்பலுக்குள் நுழைந்துவிட்டோமா என்று யோசிப்பார்கள். வீட்டுக்காரர்களுக்கு அந்தக் கயிறுகள் எல்லாம் கண்ணில் படுவது நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது. மனைவி மட்டும் எப்போதாவது, "என்னைத்தான் முதல்ல கட்டினாரு. நான்தான் இன்னும் அவுக்கத் தெரியாம நிக்கிறேன்" என்பாள்.

லாரியில் சரக்குக் கட்டுகிற பட்டை ஒன்றை எடுத்து வந்தார். முதலில் பெட்டியை ஆஃப் பண்ணினார். ஓடுகிற மிஷினில் கை வைக்காதே என்பது கிடங்குச் சட்டம். அதை மீறியவர்களில் ஒருவனுக்குக் கட்டைவிரல் இல்லை. பட்டையை மேலே ஒரு சுற்று, முகப்பில் குறுக்காக ஒரு சுற்று கொண்டுவந்து, மேஜையோடு சேர்த்து இறுக்கினார். பெரிய பொத்தானின் மேல் பட்டை படாமல் கவனமாக ஒதுக்கினார். அவ்வளவுகூடத் தெரியாதவரா அவர்? மேஜைக் காலில் பாதத்தை ஊன்றி ஓர் இழுப்பு. ஒரு முடிச்சு. உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். பெட்டி மலை மாதிரி நின்றது. இடுப்பு சுளீரென்றது. பரவாயில்லை, வேலை சுத்தம்.

மறுநாள் காலையில் பொத்தானை அழுத்தினார். கம்பெனிப் பேர் வந்தது. புள்ளிகள் சுற்றின. மச்சான் வரவில்லை. திரை இருண்டது. ஃபேன் ஒரு பெருமூச்சு விட்டது. மறுபடி கம்பெனிப் பேர், மறுபடி புள்ளிகள், மறுபடி இருட்டு. வாசல்வரை வந்து, செருப்பைக் கழற்றுவதற்குள் எதையோ மறந்துவிட்டேன் என்று திரும்பிப் போகிற விருந்தாளி மாதிரி, வருவதும் போவதுமாகவே இருந்தது.

"ஏம்மா, இது ஏன் கிளம்பிக் கிளம்பி நிக்குது?"

மகள் வேலைக்குக் கிளம்பியபடியே ஃபோனைப் பார்த்துப் படித்தாள். "வெளியில மாட்டினதை எல்லாம் கழட்டிட்டுப் பாக்கணுமாம்."

பிரிண்டரைக் கழற்றினார்கள். ஸ்பீக்கரைக் கழற்றினார்கள். பக்கத்து பிளக்கில் இருந்த சார்ஜரையும் முடிச்சண்ணன் பிடுங்கினார்.

"என் சார்ஜர் என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்றாள் மனைவி.

"சந்தேகம்னு வந்துட்டா எல்லாரும் ஒண்ணுதான்."

அப்படியும் விருந்தாளி உள்ளே வரவில்லை. ஏதேதோ விசைகளை அழுத்திப் பார்த்தாள் மகள். அது அதற்கு முன்பே இருண்டுவிடும். சாயங்காலம் வந்து, "உள்ள மெமரின்னு ஒரு பட்டைச் சில்லு இருக்குமாம். அதைக் கழட்டி ரப்பரால தேச்சு மாட்டணுமாம். மூடியைத் திறக்கணும். கயிறை அவிழுங்கப்பா" என்றாள்.

முடிச்சண்ணன் இரண்டு விரலால் ஒரு தட்டுத் தட்டினார். முடிச்சு தானே வழிவிட்டது. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு தலையணைக்கு ஆகும் தூசு. அதைத் துடைத்து, சில்லைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினார்கள். பொத்தானை அழுத்தியதும் புள்ளிகள் சுற்றி முடிந்து மச்சான் வந்து சிரித்தான்.

"ரப்பர்தான்!" என்று கத்தினாள் மகள்.

"ஒரு துண்டு ரப்பருக்கா இந்தப் பாடு!" என்றார் முடிச்சண்ணன். தெருவில் ஒரு லாரி திரும்புகிற சத்தம் கேட்டது. "முதல்ல கட்டு, அப்புறம் வேலை. ஆஃப் பண்ணு."

ஆஃப் பண்ணினார்கள், மூடினார்கள், அவர் கட்டினார், பொத்தானை அழுத்தினார். கம்பெனிப் பேர், புள்ளி, இருட்டு.

மறுபடி அவிழ்த்து, மறுபடி தேய்த்தார்கள். ஓடியது. மறுபடி ஆஃப் பண்ணிக் கட்டினார். படுத்துக்கொண்டது. மூடியால்தான் கோளாறோ என்று மூடியைப் போடாமலே விட்டுப் பார்த்தார்கள். திறந்த பெட்டி இன்னும் சுலபமாக விழும் என்பதால் இன்னும் இறுக்கிக் கட்டினார். அப்போதும் அதே கதை. தேய்க்கத் தேய்க்க ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் தேய்ப்பின் வீரியம் இறங்கிவிடுகிறது என்று அப்பாவும் மகளும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மறுநாள் முடிச்சண்ணன் கடைக்குப் போய் ரப்பரை ஒரு பெட்டியாக வாங்கி வந்தார். சில்லின் மஞ்சள் பூச்சு வெளுக்கிற அளவுக்குத் தேய்த்தார். மேஜைக்குக் கீழே ரப்பர் தூள் குவிந்தது.

அதைக் கூட்டி அள்ளியபோது மனைவி சொன்னாள்: "நீங்க இந்த அழி அழிச்சதுல, அதுக்குத் தெரிஞ்சதும் மறந்து போயிருக்கும்."

நாட்கள் ஓடின, சனிக்கிழமை நெருங்கியது. அவர் அடித்திருந்தது முதல் நாள் அடித்த அந்த ஒரு நம்பர்தான். இரவு படுத்தால் நாற்காலி கண்ணில் வந்தது. அதன் மெத்தையில் வேறு யாரோ சாய்ந்திருந்தார்கள்.

ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனார்கள். மகளின் ஸ்கூட்டருக்குப் பின்னால் பெட்டியை வைத்து அவரே கட்டினார். கடை நடத்துகிறவள் மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, ஒரே நேரத்தில் மூன்று பெட்டிகளுக்குள் கை விட்டுக்கொண்டிருந்தாள். வந்து கயிற்றைப் பார்த்தாள், இழுத்தாள், கத்தரியை எடுத்தாள்.

"கத்தரி வைக்காதம்மா!" முடிச்சண்ணன் போட்ட சத்தத்தில் வேறொரு வாடிக்கையாளர் எழுந்தே நின்றுவிட்டார். அவரே அவிழ்த்துக் கொடுத்தார்.

பெட்டி மத்தியானம் முழுக்கக் கடையில் ஓடியது. ஆஃப் பண்ணினாள், ஆன் பண்ணினாள், தட்டினாள், சூடாக்கினாள். ஒவ்வொரு தடவையும் மச்சான் வந்து சிரித்தான்.

"பெட்டி நல்லா இருக்கு அண்ணே. உங்க வீட்டு கரண்ட்டுதான் சரியில்ல. வேற பிளக்குல மாட்டுங்க."

சமையலறையில் மாட்டினார். மேஜையையும் அங்கேயே தள்ளி, பெட்டியை மேஜையோடு கட்டினார். மனைவிக்கு அடுப்பை அடைய வழி இல்லை. பக்கவாட்டில் நடந்து போய்ச் சமைத்தாள். பெட்டி கிளம்பிக் கிளம்பி நின்றது. மறுபடி கடைக்குப் போனார்கள். மறுபடி அங்கே குறை இல்லாமல் ஓடியது.

கண்ணாடிக்காரி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சில ஆம்பளைங்க இருக்காங்கல்ல அண்ணே, வெளியில சிரிச்சுச் சிரிச்சுப் பேசிட்டு வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாங்க. இதுவும் அந்த ரகம். இதுக்கு எங்கிட்ட ஸ்பேர் இல்ல."

முதுகு வலியும் ஆற்றாமையும் சேர்ந்தால் கோபம் சொந்தக்காரன் பக்கம்தான் திரும்பும். வீட்டுக்கு வந்ததும் ஃபோனை எடுத்து மச்சானைப் பிடித்தார். மனைவி கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"நீ குடுத்தது கம்ப்யூட்டர் இல்ல மச்சான், கண்ணாமூச்சி."

"என் கடையில நாள் முழுக்க ஓடினது மாமா அது."

"ஓடி ஓடிச் செத்ததை என் தலையில கட்டிட்ட. ஓட்டை டப்பாவைக் குடுத்து ஓசியில பீரோ ஏத்தப் பாக்குற."

அந்தப் பக்கம் மச்சான் மனைவியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள் போல. வளையல் சத்தம் கேட்டது.

"சரி மாமா. குறை பெட்டியில இருந்தா நான் புதுசு வாங்கித் தர்றேன். குறை உங்க பக்கம்னா?"

"எம் பக்கம்னா, உன் பீரோவை நான் ஒத்தை ஆளாத் தூக்கிட்டு மூணாவது மாடி ஏர்றேன். இன்னொருத்தன் அதுல கை வைக்க மாட்டான். இது சத்தியம்."

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "பால் பாக்கெட்" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மச்சான் நேரிலேயே வந்துவிட்டான். முகம் உப்பியிருந்தது. செருப்பை உதறிய விதத்திலேயே அவன் பேச வரவில்லை, எடுத்துப் போக வந்திருக்கிறான் என்று தெரிந்தது.

"என் பெட்டியைக் குடுங்க. உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

"வாடா. சாப்பிட்டியா?" என்றாள் அக்கா. அவள் சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட வரலைக்கா." அவன் நேராகச் சமையலறைக்குப் போய்ப் பட்டையில் கை வைத்தான். ஒரு பக்கம் இழுத்தான், இன்னொரு பக்கம் இழுத்தான். நகம் மடங்கியது. "இதை யாரு கட்டினது?"

"இந்தத் துணியைக் கட்டி வச்சவங்கதான்" என்றாள் அக்கா. மடித்த துணிகளைச் சுற்றியும் ஒரு சின்னக் கயிறு இருந்தது.

"அவிழ்த்துவிடுங்க மாமா."

முடிச்சண்ணன் அவள் பக்கத்தில் நாற்காலியில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "அவிழ்க்கிறேன். அதுக்கு முன்னாடி உன் பெட்டி ஓடுதான்னு எனக்குக் காட்டு. நாள் முழுக்க ஓடின பெட்டியாச்சே."

மச்சான் பொத்தானைக் குத்தினான். கம்பெனிப் பேர், புள்ளி, இருட்டு. மறுபடியும் அதே.

"பாத்தியா? பாத்தியா?" முடிச்சண்ணனுக்குத் தன் வேலை போவதையும் மறந்து ஒரு சந்தோஷம் வந்துவிட்டது. "வாய்தா மேல வாய்தா வாங்குற கேஸ் மாதிரி, உள்ள வரவே மாட்டேங்குது."

"ஓடுதோ ஓடலையோ, நான் எடுத்துட்டுப் போறேன்!" மச்சான் மேஜைக் காலில் பாதத்தை ஊன்றி, முகப்பில் இருந்த பட்டையை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். முடிச்சு அசையவில்லை. பட்டை மட்டும் ஒரு நெல்மணி அளவு மேலே எழும்பியது. அவன் முகம் சிவந்து, நெற்றி நரம்பு புடைத்து நின்ற அந்த நேரத்தில் திரையில் புள்ளிகள் சுற்றி முடிந்தன. கூலிங்கிளாஸ் போட்ட மச்சான் வந்து சிரித்தான்.

மேஜைக்கு மேலே சிரிக்கிற மச்சான், மேஜைக்கு முன்னே முக்குகிற மச்சான். மூச்சு வாங்கி அவன் கையை விட்டான். திரை இருண்டது.

துணி மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "டேய், இன்னொரு தடவை இழு" என்றாள் அக்கா.

"எதுக்குக்கா?"

"இழுடான்னா."

இழுத்தான். கம்பெனிப் பேர், புள்ளி, மச்சான்.

"விடு."

இருட்டு.

"இழு."

மச்சான்.

"தற்செயல்" என்றார் முடிச்சண்ணன். குரல் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

"அப்படியா? விடுடா. ம், இழு." அக்கா கிணற்றில் வாளி இறக்குகிறவளைப் போல அவனை வேலை வாங்கினாள். சொன்ன மாதிரியெல்லாம் திரை வந்தது, போனது. கடைசியில் அவளே எழுந்து வந்து பட்டைக்கு அடியில் விரலை விட்டுத் துழாவினாள். "இங்க ஒரு குமிழ் மாதிரி இருக்கே, இது என்ன?"

மச்சான் குனிந்து பார்த்தான். பார்த்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்றுதான் முடிச்சண்ணன் முதலில் நினைத்தார்.

"ரீசெட் பொத்தான்க்கா. அதை அழுத்தினா எந்த வேலையில இருந்தாலும் பெட்டி மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கும்."

"யாரும் அழுத்தலையே" என்றார் முடிச்சண்ணன்.

"உங்க பட்டை அழுத்துது மாமா! நாள் பூரா அழுத்துது!"

பட்டை அந்தக் குமிழை முழுசாக அழுத்தியிருந்தால் பெட்டி வாயே திறந்திருக்காது. தொடாமல் இருந்திருந்தால் ஒழுங்காக ஓடியிருக்கும். அது அரையும் குறையுமாகத் தொட்டுக்கொண்டிருந்தது. பெட்டி கிளம்பும், ஃபேன் வேகம் எடுக்கும், தகரம் அதிரும், குமிழ் ஒரு மயிரிழை உள்ளே போகும். அவ்வளவுதான், அத்தனையும் மறுபடி முதலிலிருந்து.

"அதை நான் ஏதோ பல்புன்னு நினைச்சேன்" என்றார் முடிச்சண்ணன்.

அவருக்கு எல்லாம் வரிசையாக வந்து நின்றது. முதல் நாள் ஓடியது: கட்டவில்லை. ரப்பர் தேய்த்ததும் ஓடியது: தேய்ப்பதற்கு அவிழ்த்திருந்தார். கடையில் ஓடியது: அவரே அவிழ்த்துக் கொடுத்தார், அதுவும் கத்தரி வைக்காதே என்று சத்தம் போட்டு. ஒரு பெட்டி ரப்பர். பக்கவாட்டில் நடந்து சமைத்த மனைவி. தலையில் கட்டிவிட்டாய் என்று தான் திட்டிய திட்டு. காலமெல்லாம் எத்தனையோ லாரிகளில் அவர் கட்டிய கட்டு அவர் வேலையைக் காப்பாற்றியது. இந்த ஒரு கட்டு அதைக் கவிழ்க்கப் பார்த்தது. காதுமடல் சூடேறியது.

ஏதாவது சொல்லியாக வேண்டும். மச்சானும் மனைவியும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆனா முடிச்சு தளரலை, பாத்தியா?" என்றார்.

மனைவி துணிக்கட்டால் அவர் தோளில் ஒன்று வைத்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும் மாமா" என்று மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பீரோ."

"நாளைக்கு எனக்குப் பரீட்சைடா. முதல்ல அது முடியட்டும்."

மச்சான் நல்லவன். திட்டு வாங்கியதைக் காட்டிக்கொள்ளாமல் அன்றைக்குப் பொழுது சாயும்வரை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். அவர் அடித்த ஒவ்வொரு லாரி நம்பருக்கும் 'பாங்' என்று வாயால் ஹாரன் அடித்தான். மகள் வேலை முடிந்து வந்து கதையைக் கேட்டு, சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்; கட்டியிருந்ததால் சிலிண்டர் விழவில்லை. மிச்சமிருந்த ரப்பர்களைக் கடைக்கு எடுத்துப் போய் எல்லோருக்கும் கொடுத்துவிட்டாள். செருப்புக் கடையில் இத்தனை ரப்பர் எதற்கு என்று அங்கே இன்னும் யாருக்கும் புரியவில்லை.

பெட்டியை அவர் மறுபடியும் கட்டினார்தான். கட்டாமல் தூக்கம் வராது. பட்டையை முகப்பில் கொண்டுவராமல் மேலேயும் பின்பக்கமுமாகச் சுற்றினார்.

சனிக்கிழமை எடைமேடை அறையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். முதுகு மெத்தையில் பட்டதும், கொக்கியை மாட்டி இழுத்துக்கொண்டிருந்தவன் கையை விட்டது போல் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே மூட்டைக்காரப் பசங்க வேலையை விட்டுவிட்டு வரிசையாக நின்றார்கள். "முடிச்சண்ணே, கீபோர்டைத் தோள்ல வச்சுக்கோங்க, பழகின இடம்!" என்று ஒருவன் கத்தினான்.

முதல் லாரி மேடை ஏறியது. அறை அதிர்ந்தது. முடிச்சண்ணன் ஆட்காட்டி விரலை ஓங்கி, குத்தாமல் நிறுத்தி, மெல்ல வைத்தார். ஓர் எழுத்து. தேடினார். இன்னொரு எழுத்து. டிரைவர் நிஜமாகவே ஹாரன் அடித்தான். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மச்சான் அடித்த ஹாரனுக்கு இது எவ்வளவோ தேவலை. அடித்து முடித்து சீட்டு வெளியே வந்தபோது மேனேஜர் அதை எடுத்து லாரியின் நெற்றியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அடுத்த லாரி. அதற்கும் அடுத்தது.

"ரொம்ப மெதுவா அடிக்கிற" என்றார் மேனேஜர்.

"மூட்டையும் மெதுவாத்தான் சார் தூக்கினேன். ஒண்ணும் கீழ விழுந்ததில்ல."

மேனேஜர் சீட்டுகளை இன்னொரு தடவை பார்த்தார். "தப்பு இல்ல. திங்கட்கிழமை வந்து உக்காரு."

வெளியே விசில் பறந்தது. முடிச்சண்ணன் எழுந்திருக்கவில்லை. மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்த்தார். லாரி ஏறும்போதெல்லாம் அது நடுங்கியது, ஒரு கயிறும் இல்லாமல். திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும், இடுப்பில் சுருட்டி வைத்திருந்த கயிற்றை எடுத்தார். முதலில் பெட்டியின் முகப்பை விரலால் மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தார். சின்னக் குமிழ் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதை விட்டுக் கட்டினார்.

பீரோ விஷயம்தான் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. மச்சான் பெருந்தன்மையாக, "ஒத்தை ஆளா எல்லாம் வேண்டாம் மாமா, உங்க பசங்க நாலு பேரை அனுப்புங்க" என்றுதான் சொன்னான். முடிச்சண்ணன் கேட்கவில்லை. சத்தியம் பண்ணியாயிற்று, இன்னொருத்தன் கை வைக்கக் கூடாது என்றார். இடுப்பு சரியாகட்டும் என்றார். சரியாகும்வரை பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், படிக்கட்டுக்குக் கீழே நின்ற பீரோவைக் கைப்பிடிக் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டு வந்தார். பொறுத்துப் பார்த்த மச்சான் வேறு கூலிக்காரர்களை வரவழைத்தான். அவர்களால் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. கத்தரி வைக்கட்டுமா என்று ஃபோனில் கேட்டதற்கு முடிச்சண்ணன் போட்ட சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டதாம். அந்தக் கட்டடத்துக்காரர்கள் பீரோவைத் தாண்டி ஒருக்களித்துத்தான் மாடி ஏறுகிறார்கள். ஏறும்போது யாரையோ திட்டுகிறார்கள்.

முடிச்சண்ணன் மச்சானுக்கு, மூன்றாவது மாடிவரைக்கும், ஓர் இரும்பு பீரோ இன்னும் பாக்கி.